நாலாம் நம்பரில் குளவி இல்லை

2002 மார்ச் 8 அன்று காலை, வித்துராவுக்கு மேலே ஏழுமடக்கு எஸ்டேட்டின் நான்காம் நம்பர் தேயிலைத் தோட்டத்தில் தொங்கவிடப்பட்டிருந்த மஞ்சள் ஒட்டு அட்டைகளில் ஒரு குளவிகூட ஒட்டியிருக்கவில்லை என்று எழுதி மூன்று பேர் கையெழுத்திட்டார்கள்.

மறுவாரம் அந்த எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கும் மாடம்மாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கித் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு வந்தாள். அங்கே ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அனந்தலக்ஷ்மியின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. கதவு திறக்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அனந்தலக்ஷ்மி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்து சர்வேயராக இருந்தவள். எரிந்த கடைகளுக்குள் நடந்துபோய், தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று சொல்வது வேலை. அந்த வேலையை விட்டு வந்த பிறகும் எதைப் பார்த்தாலும் சாம்பலைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். உதவியாளன் யூசுப் செங்கோட்டைக்காரன். ஆம்னி வேன் ஓட்டுவான், போட்டோ எடுப்பான், மீதி நேரமெல்லாம் பேசுவான்.

"என்ன காணாமப் போச்சுக்கா?" என்றான் யூசுப்.

"குளவி," என்றாள் மாடம்மாள்.

யூசுப் திரும்பினான். "சேச்சி, போன மாசம் பூனை. இந்த மாசம் குளவி. நம்ம கம்பெனி சுருங்கிட்டே வருது, கேட்டோ."

"நீ சித்த சும்மா இரு. நீங்க சொல்லுங்கோ."

மாடம்மாள் சொன்னாள். எஸ்டேட் முதலாளி கையைக் கழுவிவிடப் பார்க்கிறார். கொச்சியிலுள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனம் அதை எடுத்து நடத்தத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை, பூச்சிமருந்து இல்லாமல் தேயிலை பிழைக்கும் என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். நகரத்திலிருந்து நீலகண்டன் என்ற தாவர விஞ்ஞானி வந்து, நான் காட்டுகிறேன் என்றார். நான்காம் நம்பரில் ஒரு பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்தார். புழு விழுந்தால் விழட்டும், ஒருவரும் ஒன்றும் செய்யாதீர்கள், புழுவைத் தீர்க்கக் குளவி தானே வரும் என்றார். நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். குளவி வரவில்லை.

"மேனேஜர் விஜய்குமார்தான்மா மருந்தடிச்சிருக்கான். எஸ்டேட்ட இழுத்து மூடிட்டு மேல ரிசார்ட்டு கெட்டப் போறானுவன்னு பேச்சு. நாங்க லயத்து வீடுகள்ல குடியிருக்கது அவனுக்கு உறுத்துது."

"மருந்தடிச்சான்னு நிரூபிச்சா என்ன ஆகும்?"

"அந்தக் கம்பெனி சாரு சொல்லிட்டுப் போயிருக்காரு. யாராவது கை வச்சது தெரிஞ்சா மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க, இன்னொரு தடவ வந்து பாக்கோம்னு. இல்லன்னா லயத்தக் காலி பண்ணணும்." அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என்னைப் பெத்ததும் அந்த லயத்துலதாம்மா. தமிழ்நாட்டுல எங்க ஊரு பேரு எனக்குத் தெரியும். அங்க ஒரு ஆளத் தெரியாது."

யூசுப் எழுந்தான். வேன் சாவியை எடுத்துக்கொண்டான்.

நீலகண்டனின் வீடு கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் இருந்தது. அனந்தலக்ஷ்மியை அவருக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். கதவைத் திறந்தவர் சவரம் செய்து நாளாகியிருந்தது.

"வா அனந்தா. துக்கம் விசாரிக்க வந்தியா?"

"குளவி விசாரிக்க வந்தேன். முதல்லே எனக்கு விஷயம் புரியணும். குளவிக்கு யார் சொல்லி அனுப்பறா?"

"செடிதான். வேற யாரு?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "கொழுந்தைப் புழு கடிச்சதும் தேயிலை ஒரு வாசனையை விடறது. நமக்கு மூக்கிலே ஏறாது. அதைப் பிடிச்சுண்டு குளவி வரும். சின்னக் குளவி, கொசு அளவுகூட இருக்காது. புழுவுக்குள்ளே முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயிருந்தே புழுவைத் தின்னுடும்."

"அப்போ செடி நூறுக்கு போன் போடுது," என்றான் யூசுப். "கூப்பிட்டா வர்ற போலீஸு வேற. குடுத்து வச்ச செடி."

"அதோட போகலை. பக்கத்துச் செடியும் அந்த வாசனையை மோந்துடும். தன் முறை வரதுக்குள்ளே இலையைக் கசப்பாக்கிக்கும்."

"நகத்தாலே கிள்ளினாலும் இப்படிக் கூப்பிடுமா?" என்று கேட்டாள் அனந்தலக்ஷ்மி.

"அது வெறும் பச்சை வாசனை. புல்லு வெட்டினா வருமே, அந்த மாதிரி. அதுக்குக் குளவி அசையாது. புழுவோட எச்சில் படணும். ஒவ்வொரு புழுவுக்கும் ஒவ்வொரு வாசனை. எந்தக் குளவிக்கு எது சாப்பாடோ, அது வரும்."

"கடிச்சவன் பேரு எஃப்.ஐ.ஆர்லயே இருக்கும்னு சொல்லுங்க சார்."

நீலகண்டன் முதல்முறையாக யூசுப்பை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கப் போவது போல இருந்தது. சிரிக்கவில்லை. "பிப்ரவரியிலே போனேன். புழு நிறைய இருந்தது, குளவியும் இருந்தது. அவ்வளவு சந்தோஷமா மலையிறங்கினேன். யாரோ மருந்து அடிச்சுட்டா அனந்தா. வேற வழியே இல்லை."

"அந்த அட்டையெல்லாம் இருக்கா?"

பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்திருந்தார். அனந்தலக்ஷ்மி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சள் பசையில் ஈக்கள், கொசுக்கள், ஓர் அந்துப்பூச்சி, பெயர் தெரியாத பொடிப்பூச்சிகள். இடமில்லாத அளவுக்கு ஒட்டியிருந்தன. அடுத்த அட்டையும் அப்படித்தான்.

"இவ்வளவு பேர் உயிரோட பறந்து வந்து மாட்டியிருக்காளே. மருந்து அடிச்ச தோட்டத்திலே ஈ எப்படி?"

நீலகண்டன் அட்டையை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்க மறந்துபோனார்.

"ஈயை விட்டுட்டுக் குளவியை மட்டும் கொல்ற மருந்து," என்றான் யூசுப். "ஜாதி பாத்து அடிக்கும் போல."

"இதை நீங்க கவனிக்கலையா?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"குளவியை எண்ணணும்னுதான் ஒப்பந்தம். ஈயை யார் எண்ணினா?"

"செடியைப் பாத்தேளா?"

"அட்டையைத்தான் பார்த்தோம். ஒண்ணுகூட இல்லைன்னதும் வேற எதையும் பார்க்கத் தோணலை. அவா வரதா இருந்ததுக்கு முதல் நாளே அட்டையைக் கட்டிட்டு வந்துட்டேன். மறுநாள் ஹர்த்தால்னுட்டா. பஸ் கிடையாது, கார் கிடையாது. அவா வந்ததே அதுக்கப்புறம்தான். அத்தனை நாள் தொங்கியும் ஒண்ணுகூட விழலை."

வித்துரா சந்தையைத் தாண்டியதும் சாலை மலையைச் சுற்ற ஆரம்பித்தது. மாடம்மாள் பின் சீட்டில் கம்பியைப் பிடித்தபடி வழியெல்லாம் விஜய்குமாரைத் திட்டிக்கொண்டு வந்தாள். திட்டும்போது அவள் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

விஜய்குமார் பங்களா வாசலிலேயே நின்றிருந்தான். வேட்டியும் பனியனும், மேனேஜர் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

"மேடம், என்னை சம்சயமா? ஆவட்டே. இவங்க எல்லாரும் என்னைத்தான் சொல்லுவாங்க."

"எஸ்டேட் மூடினா உங்களுக்கு லாபம்னு சொல்றாளே."

"ரிசார்ட் வந்தா அதுக்கு வேற மேனேஜர் வருவான் மேடம். டை கட்டினவன். நானும் பெட்டியைத் தூக்கிட்டு இந்த மலை இறங்கணும்." அவன் மாடம்மாளைப் பார்க்காமல் பேசினான். "மருந்து ஸ்டோர்தானே? வாங்க, காட்டறேன்."

மருந்து அறை தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கதவில் பெரிய பூட்டு. விஜய்குமார் சாவியைத் துவாரத்தில் வைத்தான். போகவில்லை. திருப்பிப் பிடித்து அழுத்தினான். அப்போதும் போகவில்லை.

அனந்தலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். சாவித் துவாரம் முழுவதும் களிமண். காய்ந்து வெளுத்து, விளிம்பில் விரிசல் விட்டிருந்தது. யாரும் கையால் அடைத்த மண் அல்ல. உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து வைத்துப் பூசிய மண்.

"மண் குளவி கூடு கட்டியிருக்கு," என்றாள். "இது காய்ஞ்சு எத்தனையோ நாளாச்சு. இந்தப் பூட்டை யாரும் திறக்கலை."

"சேச்சி, காணாமப் போன பார்ட்டி இங்க வாட்ச்மேன் வேலை பாக்குது."

"இது வேற குளவி. ஆனா சாட்சி நல்ல சாட்சி."

விஜய்குமார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். வென்றவன் முகமாக அது இல்லை. மாடம்மாளின் வாய் மட்டும் ஓயவில்லை. "வெளியிலேருந்து வாங்கிட்டு வந்து அடிச்சிருப்பாம்மா. வித்துரால கிடைக்காத மருந்தா?"

"தோட்டத்துக்குப் போவோம்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

நான்காம் நம்பரில் கயிறு இன்னும் கட்டியபடியே இருந்தது. அனந்தலக்ஷ்மி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே நுழைந்தாள். பழைய வலைக்கு மேல் புது வலை பின்னிச் சிலந்திகள் உட்கார்ந்திருந்தன. அடித்தண்டில் எறும்பு வரிசை ஏறி இறங்கியது. இலையைத் திருப்பினால் அசுவினிப் பூச்சி. ஒரு செடியை உலுக்கினாள்; என்னென்னவோ பறந்தன.

"எல்லாரும் ஆஜர்," என்றான் யூசுப், காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே. "மருந்து யாரு மேலதான் பட்டுச்சு?"

"மருந்தே இல்லைடா." அவள் மாடம்மாளிடம் திரும்பினாள். "அந்தப் புழு எங்கே இருக்கும்? எனக்குக் காட்டுங்கோ."

"கொழுந்துலதாம்மா. இலையச் சுருட்டி நூலு போட்டுத் தச்சிக்கிடும். சுருளுக்குள்ளதான் குடித்தனம்."

"மருந்துலே புழு செத்தா சுருளும் போயிடுமா?"

"சுருளு எங்க போவும்? அது இலைதானம்மா. உள்ள செத்துக் கிடக்கும். சுருளு அப்படியேதான் இருக்கும்."

அனந்தலக்ஷ்மி ஒரு வரிசையின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை நடந்தாள். பிறகு அடுத்த வரிசை. ஒரு சுருள்கூட இல்லை. ஆளும் இல்லை, ஆள் இருந்த வீடும் இல்லை. எரிந்த கடையில் சாமான் இருந்ததற்கான சாம்பலே இல்லையென்றால் அவள் முன்பு என்ன எழுதுவாளோ, அதுவே இப்போது மனதில் வந்தது. தீக்கு முன்னாலேயே யாரோ எடுத்துவிட்டார்கள்.

கயிற்றுக்கு வெளியே, ஓடைப்பக்கம், யாரும் கவனிக்காமல் மரமாக வளர்ந்துவிட்ட பழைய தேயிலை இருந்தது. யூசுப் அங்கிருந்து கூப்பிட்டான். "சேச்சி, ஒண்ணு ஓடி வாங்க!"

கிளைக்குக் கிளை சுருள்கள். அவற்றைச் சுற்றித் தூசி பறப்பது போலக் கருப்பாக ஏதோ பறந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் குளவி. ஒன்று ஒரு சுருளின் மேல் இறங்கி, காலால் தட்டித் தட்டிப் பார்த்து, இடுப்பை வளைத்து உள்ளே ஊசியை இறக்கியது.

"இங்க திருவிழா," என்றான் யூசுப். "நம்ம ஏரியாவுல மட்டும் ஹர்த்தால்."

அனந்தலக்ஷ்மி திரும்பி வந்து கயிற்றுக்குள் உட்கார்ந்து ஒரு செடியின் நுனிகளைப் பார்த்தாள். பல கிளைகளில் நுனி இல்லை. முறிந்த இடம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. பக்கத்தில் புதுமொட்டு விட்டிருந்தது. கத்தி பட்ட வெட்டு இல்லை. மாடு மேய்ந்த கிழிசலும் இல்லை. எல்லாம் இலைக் கணுவுக்கு ஒட்டி, ஒரே மாதிரி, ஒரே நகம் பட்டது போலச் சுத்தமான கிள்ளல். இப்படிக் கிள்ள ஆயுசு முழுக்கப் பழகியிருக்க வேண்டும்.

அவள் நிமிர்ந்தாள். மாடம்மாள் பங்களா இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவன் பயந்துட்டாம்மா, மூஞ்சியப் பாத்தியளா? ஸ்டோரத் தொறக்க வரலன்னு நடிக்கான்..." பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வலது கை பக்கத்துச் செடிக்குப் போனது. அனந்தலக்ஷ்மியின் கண்ணுக்குத் தப்பிய, அன்றோ முந்தின நாளோ சுருண்ட ஒரே ஓர் இலை அங்கே இருந்தது. விரல்கள் அதைக் கண்டுபிடித்தன, கிள்ளின, கீழே போட்டன. குதிகால் அதன்மேல் ஒருமுறை திரும்பியது. அவள் கண் பங்களாவை விட்டு நகரவில்லை.

யூசுப் காமிராவைத் தூக்கியிருந்தான். எடுக்காமல் இறக்கிவிட்டான்.

"இப்போ என்ன பண்ணினேள்?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"என்னம்மா?"

"கையிலே. ஏதோ கிள்ளிப் போட்டேளே."

மாடம்மாள் தன் கையைப் பார்த்தாள். "சுருளு. கண்ணுல பட்டா கிள்ளி மிதிச்சிருவோம். அத விட்டு வச்சா கொழுந்தெடுக்கவளுக்கு என்ன மரியாதை?"

"கம்பெனிக்காரா வரதுக்கு முன்னாடியும் கிள்ளினேளா?"

அவள் முகம் மலர்ந்தது. இதை யாரும் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல இருந்தது. "பொறவு? பொம்பளைங்க எல்லாருமா சேர்ந்து சாயங்காலம் வந்து ஒரு சுருளு விடாம எடுத்தோம். மருந்தில்லாம வளந்த செடின்னு பாக்க வாராங்க, புழுச் செடியையா காட்டுறது? மறுநாளு ஹர்த்தாலுன்னு வரல. திரும்பவும் வந்து புதுசா விழுந்ததையும் எடுத்தோம். சாக்குல கெட்டிக் கொண்டுபோயி அடுப்புல போட்டாச்சு. அவ்வளவு சுத்தமா இந்த எஸ்டேட்டுல ஒரு தேயிலைக்காடு இருந்ததில்ல, கேட்டியளா."

"நீலகண்டன் சார் தொடாதீங்கோன்னு சொல்லலையா?"

"சொன்னாரு. ஆம்பளைங்க அப்படித்தான் சொல்லுவாங்க. வீட்டுக்கு ஆள் வாராங்கன்னா கூட்டிப் பெருக்காம இருக்க முடியுமா?"

எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான் என்று தெரிந்ததும் அனந்தலக்ஷ்மி நேராகவே சொன்னாள். "அந்தச் சுருள்தான் குளவியைக் கூப்பிட்டுண்டிருந்தது. ஏற்கெனவே வந்த குளவியோட குஞ்சும் அதுக்குள்ளேதான் இருந்தது."

மாடம்மாள் காலடியில் நசுங்கிக் கிடந்த இலையைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். விரித்தாள். உள்ளே பச்சையாக ஈரம் மட்டும்தான் இருந்தது.

"அப்போ நாங்கதான் அது வாயப் பொத்திட்டோம்," என்றாள்.



வேனுக்குத் திரும்பும் வழியில் யூசுப் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சேச்சி, ஒரு காலி மருந்து டப்பா வித்துராவுல கிடைக்கும். புதருக்குள்ள போட்டா ஞான் ஒரு போட்டோ எடுத்துத் தர்றேன். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு."

"விஜய்குமார் ஜெயிலுக்குப் போவான்."

"அங்கே சோறாவது நேரத்துக்குக் கிடைக்கும்." சொல்லிவிட்டு அவனே தலையை ஆட்டிக்கொண்டான். "வேண்டாம். சும்மா சொன்னேன்."

"உள்ளதை எழுதறேன். மருந்து அடிக்கலை, செடி கூப்பிடறது, குளவி வரது. ஓடைப்பக்கத்து போட்டோவும் இருக்கு. கை வச்சது யாருன்னு தெரிஞ்சா திரும்ப வரேன்னு அவா சொல்லியிருக்கா. கை வச்சது தெரிஞ்சுடுத்து."

"தெரிஞ்ச கை யாரோட கைன்னு பாத்தா வருவாங்களா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

பின்னால் வந்த மாடம்மாள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நான் ஒருத்திதான் கிள்ளுனேன்னு போடுங்க."

"எல்லாரும்னு சொன்னேளே."

"ஒருத்தின்னா அவள மட்டும் வெளிய அனுப்பிட்டு மத்தவங்கள வச்சிக்கிடுவாங்க. எல்லாருன்னா லயமே போயிரும். என் பேரப் போடுங்க."

"அக்கா, அத்தனை செடியையும் ஒத்தை ஆளா? தேயிலையைக் கண்ணால பாத்தவன் யாரும் நம்ப மாட்டான்," என்றான் யூசுப்.

"கொச்சில இருக்கவனுக்கு என்ன தெரியும்?"

அன்று மாலை கிழக்கேகோட்டையில் அனந்தலக்ஷ்மி அறிக்கையைத் தட்டச்சு செய்தாள். தான் மட்டுமே சுருள்களைக் கிள்ளியதாக மாடம்மாள் என்ற தொழிலாளி கூறுகிறார் என்று எழுதினாள். யூசுப் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

"சேச்சி பொய் எழுதிட்டீங்க."

"அவ சொன்னதை எழுதினேன். நான் நம்பினேன்னு எங்கேயாவது எழுதியிருக்கேனா?"

நீலகண்டன் அந்த அறிக்கையோடு தன் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். இரண்டு முறை போனிலும் கெஞ்சினார்.

மார்ச் 27 அன்று நிறுவனத்தின் பதில் வந்தது. மருந்து அடிக்கப்படவில்லை என்பதை ஏற்றுக்கொள்வதாகவும், சொன்னதைக் கேட்காத வேலையாட்கள் உள்ள இடத்தில் இரண்டாவது சோதனை நடத்த இயலாது என்றும் அதில் இருந்தது. அறிக்கையிலிருந்த பெயர் லயத்துக்குத் தெரியவந்தது. கூட வந்து கிள்ளிய பெண்கள் யாரும் தாங்களும் கிள்ளியதாகச் சொல்ல முன்வரவில்லை. மே மாதம் ஏழுமடக்கு எஸ்டேட் மூடப்பட்டது. லயத்துக் குடும்பங்கள் வெளியேறின. மாடம்மாள் திருவனந்தபுரத்தில் கட்டட வேலைக்குச் சேர்ந்தாள்.